ராசம்மா றுக்மணி தேவியான கதை

யாழ்ப்பாணத்தில யாரிட்டயாவது றுக்மணி தேவி எண்டு சொல்லிப் பாருங்கோ. பரதநாட்டியம் பழகினவை கலாசேத்திரத்தைத் தொடக்கிய ருக்மணி தேவி அருண்டேலைச் சொல்லுவினம். பழைய படப் பைத்தியங்கள் குமாரி ருக்மணியை, அதுதான் நடிகை லட்சுமியின்ர தாயை, ஞாபகப்படுத்துவினம். சிங்கள சினிமாவின் முதல் கதாநாயகியை நினைக்கிற ஆக்கள் மிகக் குறைவு. அவரும் தமிழ்ப் பேர் வைச்ச வீட்டில பிறந்தவர் எண்டது எனக்கே கனகாலம் தெரியாது.

1923 ஜனவரி 15 அன்று நுவரெலியா மாவட்டத்து றம்பொடையில் பிறந்த அந்தப் பிள்ளைக்கு வைத்த பெயர் டெய்சி ராசம்மா டானியல்ஸ். தகப்பனுக்குத் தோட்டத்தில் உத்தியோகம், தாய் ஆசிரியை. ராசம்மா எண்ட பேர் எங்கட ஊரில ஒழுங்கைக்கு ஒண்டு இருக்கும். டெய்சி ராசம்மா எண்டு சேர்த்துச் சொன்னா அந்தக் குடும்பத்தின்ர வரலாறே அதுக்குள்ள கிடக்கு.

அவர்கள் கொழும்புச் செட்டிகள். தென்னிந்தியாவிலிருந்து வியாபாரத்துக்கு வந்து, கனபேர் ஒல்லாந்தர் காலத்திலேயே கொழும்பில் வேரூன்றி, கிறிஸ்தவர்களாகி, பிறகு மெல்ல மெல்ல ஆங்கிலத்துக்கும் சிங்களத்துக்கும் மாறின சமூகம். இந்தச் சமூகத்தை எங்களுக்குச் சம்பந்தமில்லாத ஆக்களாக நினைக்கிறது சுகம். ஆனால் 1859இல் யாழ்ப்பாணத்தில் அச்சான 'தமிழ் புளூட்டாக்' எண்ட புத்தகத்தை, தமிழ்ப் புலவர்களின் வாழ்க்கையைத் தொகுத்த அந்த முன்னோடி நூலை, எழுதின சைமன் காசிச்செட்டியும் இதே சமூகத்தவர்தான். ஒரு நூற்றாண்டு கூடப் போகேல்லை, அதே சமூகத்துப் பிள்ளை சிங்கள மேடையில சீதையாக நிக்குது.

அப்போது ராசம்மாவுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிருக்கும். அந்தக் காலச் சிங்கள மேடையில் ஓடினது 'நூர்த்தி' எண்ட பாட்டு நாடகம். பார்சி நாடகக் குழுக்கள் கொண்டுவந்த இந்துஸ்தானி மெட்டுகளைச் சிங்களத்தில் ஏற்றிப் பாடுவார்கள். வசனத்தை விடக் குரல்தான் முக்கியம். ராசம்மாவுக்குக் குரல் இருந்தது. எங்கட பக்கத்தில் ராசம்மாவுக்கு ஒரு வயது இளையவரான காங்கேசன்துறை வி. வி. வைரமுத்து இசை நாடகத்தில் அரிச்சந்திரனாகப் பேரெடுத்தார், அதுவும் குரலால். ஆனால் எங்கட மேடைகளில் பெண் வேடம் கட்டினது பெரும்பாலும் ஆண்கள். ராசம்மா யாழ்ப்பாணத்தில் பிறந்திருந்தா, தேவாலயத்தில் பாடுறதோட நிண்டிருப்பாவோ எண்டு ஒரு யோசினை வரும்.

மேடையில் ராசம்மா றுக்மணி தேவியானார். 1930களின் கடைசியில் எச். டபிள்யூ. ரூபசிங்கவோடு சேர்ந்து 'சிறி புத்தகயா' எண்ட பாட்டை இசைத்தட்டில் பாடினார். கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை, தமிழ்ப் பேர், சிங்களப் பாட்டு, புத்தகயாவைப் பற்றி! அந்தப் பாட்டு இண்டைக்கும் சிங்கள வீடுகளில் உயிரோட இருக்கு.

பிறகு நீர்கொழும்பு. பி. ஏ. டபிள்யூ. ஜயமான்ன நடத்தின மினர்வா நாடகக் குழு அங்கத்தையது. அவருடைய தம்பி எடி ஜயமான்ன அதில் நகைச்சுவை நடிகர். றுக்மணி அந்தக் குழுவில் சேர்ந்து 1943இல் எடியைக் கலியாணம் செய்தார். மினர்வாவின் 'கடவுனு பொறொந்துவ' நாடகம், அதாவது முறிந்த வாக்குறுதி, ஊரூராக ஓடியது.

இந்த நாடகத்தைப் படமாக்க முதல் போட்டவர் எஸ். எம். நாயகம், தமிழர். இயக்கியவர் ஜோதிஷ் சிங், வங்காளி. படம் பிடித்தது தென்னிந்தியாவில். 1947 ஜனவரி 21 அன்று கொட்டாஞ்சேனை கிங்ஸ்லி தியேட்டரில் திரையிட்டார்கள். சிங்களம் பேசின முதல் படம் அது. திரையில் பாடி அழுத கதாநாயகி ராசம்மா. நாயகம் பிறகு கந்தானையில் கட்டின ஸ்ரூடியோவின் பெயர் ஸ்ரீ முருகன் நவகலா. சிங்களப் படம் எடுக்கிற இடத்துக்கு முருகன் பேர் வைத்ததைப் பார்த்தா, அந்தக் காலம் எங்களுக்குச் சொல்லித் தந்த மாதிரி இருக்கேல்லை எண்டு விளங்கும்.

அடுத்த பத்து வருசம் ஜயமான்ன படங்களில் றுக்மணிதான் ராணி. அந்தப் படங்கள் பெரிய கலை எண்டு நான் சொல்லமாட்டன். தமிழ்ப் படத்தின் கதைப்போக்கு, மேடை நடிப்பு, நினைச்ச இடத்தில பாட்டு. 1956இன் கடைசியில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' வந்தது. ஸ்ரூடியோவை விட்டுக் கிராமத்துக்குள் இறங்கின கமரா, சிங்கள சினிமாவின் மொழியையே மாற்றியது. அதே வருசம் யூன் மாதத்தில்தான் தனிச் சிங்களச் சட்டமும் வந்தது. இரண்டையும் ஒண்டாக்கக் கூடாது, லெஸ்டர் அப்பிடிப்பட்ட ஆளில்லை. ஆனால் 'மெட்ராஸ் கொப்பி' எண்டு பழைய படங்களைத் தள்ளி வைக்கேக்க, அதைக் கட்டியெழுப்பின தமிழ்க் கைகளும் சேர்ந்தே மறைஞ்சு போச்சு. 1983 யூலையில் யாழ்ப்பாணத்தவரான கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோவை எரித்தபோது, உள்ளே சாம்பலானது சிங்களப் படச் சுருள்களும்தான்.

சிங்கள ஆக்கள் றுக்மணியை மறக்கேல்லை. நீர்கொழும்பில் சிலை இருக்கு. மறந்தது ராசம்மாவை. நாங்கள் இரண்டு பேரையும் நினைக்கவேயில்லை. எங்கட ராணி, மனோகரா, வின்சர் தியேட்டர்கள் எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் கட்அவுட் கட்டிக்கொண்டு இருந்தன. 1977இல் தர்மசேன பத்திராஜ எண்ட சிங்கள இயக்குநர் யாழ்ப்பாணத்துக்கு வந்து, எங்கட சாதியையும் சீதனத்தையும் பற்றி, எங்கட தமிழிலேயே 'பொன்மணி' எடுத்தார். நாங்கள் போய்ப் பார்க்கேல்லை, படம் ஓடேல்லை. இந்தக் கணக்கில எங்களுக்கும் பங்கிருக்கு.

அவரைத் 'தமிழச்சி' எண்டு இப்ப உரிமை கொண்டாட நான் வரேல்லை. அவர் சிங்களத்தில் பாடினார், சிங்கள ரசிகர்களோட வாழ்ந்தார், அது அவருடைய தெரிவு. ஆனால் ஒராள் ஒரு மொழிக்குள்ள போனா மற்ற மொழி அவரைத் தன்ர பதிவேட்டிலயிருந்து வெட்டத்தான் வேணுமோ?

பட வாய்ப்பு குறைஞ்ச பிறகும் றுக்மணி பாட்டை விடேல்லை, ஊர் ஊராக இசை நிகழ்ச்சிகளுக்குப் போனார். 1978 ஒக்டோபரில் மாத்தறையில் ஒரு நிகழ்ச்சியில் பாடிவிட்டு நீர்கொழும்பு வீட்டுக்குத் திரும்பினார். 28ஆம் திகதி, ஜா-எலவுக்குப் பக்கத்தில் துடெல்லவில் அவர் வந்த வாகனம் விபத்துக்குள்ளானது. வயது 55.

கொழும்பிலயிருந்து புத்தளம் பக்கமா யாழ்ப்பாணம் வாற பஸ், ஹைவேயில ஏறாட்டி, அந்த றோட்டாலதான் வரும். முதல் கந்தானை, பிறகு ஜா-எல, துடெல்ல, நீர்கொழும்பு. இரவு பஸ் எண்டா அந்த நேரம் லைற்றை நிப்பாட்டி விஜய் படம் போட்டிருப்பாங்கள்.