நெடுந்தொடர்கள் ஏன் தேய்கின்றன? – டிராகன் பால் தரும் பாடம்



நம் மாணவர்களின் கைகளில் தவழும் ஜப்பானியச் சித்திரக்கதைகளை 'மங்கா' என்பர. அவற்றுள் பல, தொடக்கத்தில் ஒளிவீசிப் பின்னர் மங்கிப்போவதை வாசகர்களே சொல்லி வருந்துகின்றனர். எழுதுபவரின் கற்பனை வறண்டதே காரணம் என்று எளிதில் கூறிவிடுகிறோம். வரலாறு வேறொன்றைச் சொல்கிறது.

தோக்கியோவின் ஷூயிஷா நிறுவனம் 1968ஆம் ஆண்டு தொடங்கிய இதழ் 'ஷோனென் ஜம்ப்'. மறு ஆண்டே அது வார இதழானது. ஒவ்வோர் இதழிலும் ஓர் அஞ்சலட்டை இணைந்திருக்கும். தமக்குப் பிடித்த மூன்று தொடர்களை வாசகர்கள் அதில் குறித்து அனுப்புவர். வாக்குக் குறைந்த புதிய தொடர்கள் சில மாதங்களிலேயே நிறுத்தப்படும். வாக்கு மிகுந்தவையோ எளிதில் முடிய விடப்படுவதில்லை. தோற்றவருக்கு வாய்ப்பில்லை, வென்றவருக்கு ஓய்வில்லை.

அகிரா தொரியாமாவின் வாழ்க்கை இதற்குச் சான்று. 1980இல் தொடங்கிய 'டாக்டர் ஸ்லம்ப்' தொடரை முடிக்க அவர் விரும்பினார். விரைவில் புதிய தொடர் ஒன்றைத் தொடங்க வேண்டும் என்ற நிபந்தனையுடனேயே இசைவு கிடைத்தது. அவ்வாறு 1984இல் பிறந்ததே 'டிராகன் பால்'. நகைச்சுவையும் பயணமும் கலந்த அக்கதைக்குத் தொடக்கத்தில் பெருவரவேற்பு இல்லை. தற்காப்புக்கலைப் போட்டி கதைக்குள் வந்ததும் வாக்குகள் உயர்ந்தன. அன்றுமுதல் சண்டையே கதையின் முதுகெலும்பாயிற்று.

சண்டைக்கதைக்கு ஓர் இடர் உண்டு. ஒவ்வொரு பகைவனும் முந்தையவனைவிட வலியவனாக இருக்க வேண்டும். 1988இல் வலிமையை அளக்கும் கருவி ஒன்று கதையில் வந்தது. அதில் ஓர் எளிய உழவரின் அளவு 5. ஏறத்தாழ ஈராண்டில் ஃபிரீசா என்னும் கொடியவனின் அளவு 530,000 ஆயிற்று. எண்கள் பொருளிழந்தன, பின்னர் அவ்வளவீடே பெரும்பாலும் கைவிடப்பட்டது.

அடுத்த பகுதியில் தடுமாற்றம் வெளிப்படையாகவே தெரிகிறது. புதிய பகைவர்களாக வந்த இரு செயற்கை மனிதர்கள் முன்னாள் பொறுப்பாசிரியர் தொரிஷிமாவுக்குப் பிடிக்கவில்லை. அவர்களுக்குப் பதிலாக வந்த இளையோரும் அவரைக் கவரவில்லை. அதன்பின் 'செல்' என்னும் பகைவன் தோன்றினான். அவன் உருவமும் மாறிக்கொண்டே போயிற்று. நாயகன் கோக்குவின் இடத்தை மகன் கோஹானுக்கு அளிக்க முயன்ற தொரியாமா, அதுவும் பொருந்தாமல் மீண்டும் கோக்குவிடமே திரும்பினார். வாரந்தோறும் வரைபவருக்கு, வெளிவந்துவிட்ட இயலைத் திருத்த வழியில்லை அல்லவா?

1995இல் ஜம்ப் இதழின் விற்பனை 65 இலட்சம் படிகளைத் தாண்டி உச்சம் தொட்டது. அவ்வாண்டே 519 இயல்களுடன் டிராகன் பால் நிறைவுற்றது. உரியவர்களை வற்புறுத்தியே முடிக்க நேர்ந்ததாக இறுதியில் தொரியாமா வாசகர்களுக்குத் தெரிவித்தார். மறு ஆண்டு, தகேஹிக்கோ இனோவே தம் 'ஸ்லாம் டங்க்' கூடைப்பந்துத் தொடரைப் புகழின் உச்சியிலேயே முடித்தார். 1997இல் ஜம்ப் முதலிடத்தைப் போட்டி இதழிடம் இழந்தது. நல்ல தொடர்களை நிறுவனம் ஏன் முடிய விடவில்லை என்பது இதனால் விளங்கும். ஆயினும் ஸ்லாம் டங்க்கின் முடிவு இன்றும் போற்றப்படுகிறது. டிராகன் பாலின் பிற்பகுதி குறித்தோ வாதம் ஓயவில்லை.

2024ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் தொரியாமா மறைந்தார். அவர் திறன் குன்றியவர் அல்லர். வாரந்தோறும் தேர்வெழுதி, வாரந்தோறும் முதலிடம் பெறுமாறு பணிக்கப்பட்டவர்.

பிள்ளைகள் இத்தகைய நூல்களைப் படிக்கும்போது பறிக்க வேண்டா. "இக்கதை எங்கே முடிந்திருக்க வேண்டும்? ஏன்?" என்று கேளுங்கள். அவ்வினாவிலிருந்து நல்லதொரு கட்டுரைப் பாடமே பிறக்கும். வாராந்திர மதிப்பெண்ணைக் கொண்டு மாணவரை அளக்கும் நாமும், அந்த அஞ்சலட்டைகளைச் சற்று நினைத்துப் பார்ப்போம்.