விளையாட்டு விழாவும் ஊரார் தலைக் கடனும்

பெரு விளையாட்டு விழாக்களின் வரலாறு வென்றோர் பெயர்களாலும் பதக்கங்களின் தொகையாலுமே பெரும்பாலும் எழுதப்படுகின்றது. விழா நடந்த ஊரின் மக்களுக்கு என்ன நேர்ந்தது என்பது அவ்வரலாற்றில் ஓரத்திற்கூட இடம்பெறுவது அரிது. பயணிகள் திரள்வர், விடுதிகள் நிரம்பும், வியாபாரம் பெருகும், ஊரின் புகழ் உலகெங்கும் பரவும் என்பன விழாவை அழைப்போர் வழக்கமாக அளிக்கும் வாக்குறுதிகள். இவற்றின் மெய்ம்மையை அளந்தறிவதற்கு 1970களின் வரலாறு நமக்கு அரியதோர் ஒப்பீட்டைத் தருகின்றது.

1970 மே 12 ஆம் திகதி ஆம்ஸ்டர்டாமிற் கூடிய சர்வதேச ஒலிம்பிக் குழு, 1976 ஆம் ஆண்டின் கோடைகால விழாவைக் கனடாவின் மொன்றியல் நகருக்கும், குளிர்கால விழாவை அமெரிக்காவின் கொலராடோ மாநிலத் தலைநகரான டென்வருக்கும் வழங்கியது. ஒரே நாளில் ஒரே வகைப் பரிசைப் பெற்ற இவ்விரு நகரங்களும் பின்னர் முற்றிலும் வேறுபட்ட வழிகளிற் சென்றன. ஒரு நகரில் மேலிருந்தோர் முடிவு செய்தனர். மக்கள் கடனைச் சுமந்தனர். மற்றதில், தம்மைக் கேட்டே முடிவு செய்யவேண்டுமென மக்கள் வற்புறுத்தி வென்றனர்.

மொன்றியலின் நகரபிதா ஜோன் ட்ரப்போ பெருங் கனவுகள் கண்டவர். 1967 இல் அங்கு நிகழ்ந்த உலகக் கண்காட்சிக்கு 5 கோடிக்கு மேற்பட்ட வருகைகள் பதிவாயின. அவ்வெற்றியின் நினைவு நகர ஆட்சியாளரை ஒலிம்பிக் விழாவை நோக்கி உந்தியது. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் றொஜே தையிபேர் வரைந்த மைதானம், சாய்ந்த கோபுரமும் திறந்து மூடும் கூரையும் கொண்டதாய், உலகம் வியக்க எழவேண்டுமெனத் திட்டமிடப்பட்டது. முழுச் செலவும் 31 கோடி டொலருக்குள் அடங்கும் என்றனர். ஆண்மகன் பிள்ளை பெற்றாலும் பெறலாம், ஒலிம்பிக்கில் நட்டம் வராது என்ற கருத்துப்பட நகரபிதா 1973 இற் கூறியது பின்னாளிற் பெரும் நகைப்புக்கு இடமாயிற்று.

நடந்தது யாது? வேலை பிந்தத் தொடங்கியது; பொருள் விலை ஏறியது; வேலைநிறுத்தங்கள் நிகழ்ந்தன; குறித்த நாள் நெருங்க நெருங்கக் கேட்ட விலையைக் கொடுத்தே தீரவேண்டிய நிலை உண்டாயிற்று. 1975 இன் இறுதியிற் கியூபெக் மாநில அரசு கட்டுமானப் பொறுப்பை நகரசபையிடமிருந்து எடுத்துக்கொண்டது. மைதான வேலையில் 11 தொழிலாளர் உயிரிழந்தனர். 1976 யூலை 17 இல் விழா தொடங்கியபோதும் கோபுரம் அரைகுறையாகவே நின்றது. அது முடிவுற்றது 1987 இலேதான். விழாவின் பின் எஞ்சிய கடனைத் தீர்க்க மாநில அரசு புகையிலைமீது தனிவரி விதித்தது. வட்டியும் முதலுமாக அக்கடன் தீர்ந்தது 2006 இல். விழா நடந்தது 16 நாட்கள். கடன் இருந்தது 30 ஆண்டுகள்.

இவ்வரியின் தன்மையை நாம் ஊன்றி நோக்கவேண்டும். ஆலை வேலை முடிந்து ஒரு சிகரெட்டைப் பற்றவைத்த தொழிலாளியும், மைதானத்துக்குச் சீமெந்து விற்றுச் செல்வம் சேர்த்தவரும் ஒரே அளவு வரியையே கட்டினர். இலாபம் சிலரிடம் குவிந்தது. கடன் மட்டும் எல்லார்க்கும் பொதுவாக்கப்பட்டது. மைதானத்தின் வட்ட வடிவு கருதி அதனைப் ‘பெரிய ஓ’ என அழைத்த மக்கள், கடன்படுதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் ‘ஓ’ என்றே ஒலிப்பதால், அப்பெயரையே ஏளனமாக்கினர். 1980 இல் நீதிபதி மலூஃப் தலைமையிலான விசாரணைக் குழு நகரபிதாமீது கடுங் குற்றஞ் சாட்டியது. ஆனால் குற்றஞ் சாட்டிய அறிக்கை கடனைக் குறைத்துவிடவில்லை.

கலைஞருக்கு நேர்ந்ததும் கருதத்தக்கது. விழாவையொட்டி ஷேர்புறூக் வீதி நெடுகிலும் ‘கொறிடார்ட்’ என்னும் கலைக்காட்சி அமைக்கப்பட்டது. அதனை ஒழுங்கு செய்த கட்டடக் கலைஞர் மெல்வின் சார்ணி, பழைய வீடுகளின் முகப்பைச் சாரமரங்களால் எழுப்பிக் காட்டினார். விழாவுக்குச் சில நாட்களே இருக்கையில், நகரபிதாவின் ஆணைப்படி அக்காட்சி இரவோடிரவாகப் பிடுங்கியெறியப்பட்டது. விருந்தினர் கண்ணிற் படவேண்டியது எது, படலாகாதது எது என்பதையும் ஆள்வோரே தீர்மானித்தனர்.

இனி டென்வரை நோக்குவோம். விழாவை அங்கு அழைத்தவர்கள் அரசியற் பிரமுகரும் வர்த்தகருமேயாவர். பனிச்சறுக்குப் போட்டிக்கெனக் குறிக்கப்பட்ட ஸ்னிக்டோ மலையிற் போதிய பனியில்லை. விண்ணப்பத்தோடு காட்டிய படத்திலோ பனி தீட்டப்பட்டிருந்தது! தம் ஊர்களின் ஊடாகப் போட்டிகள் நடைபெறப் போவதை அறிந்த மலையடிவாரத்து மக்கள் முதலில் எதிர்ப்புக் காட்டினர். பின்னர், மாநிலச் சட்டசபை உறுப்பினர் றிச்சாட் லாம் போன்றோரும் இணைய, எதிர்ப்பு இயக்கமாக வளர்ந்தது. கையொப்பங்கள் திரட்டப்பட்டு, விழாவுக்குப் பொதுப்பணம் வழங்கலாமா என்ற வினா வாக்கெடுப்புக்கு வந்தது. 1972 நவம்பர் 7 இல் ஏறத்தாழ 60 வீதமானோர் ‘வழங்கலாகாது’ எனத் தீர்ப்பளித்தனர். டென்வர் விலகியது. 1964 இல் விழா நடத்திய இன்ஸ்புறுக், முன்னரே இருந்த வசதிகளைப் பயன்படுத்தி 1976 விழாவை நடத்தியது.

டென்வரில் எதிர்த்தோர் யாவரும் சமதர்மவாதிகள் எனக் கொள்வது தவறு. வரிச்சுமைக்கு அஞ்சியோரும், மலையின் அழகைக் காக்க விரும்பியோரும், அந்நியர் பெருக்கத்தை வெறுத்தோரும் அவர்களுள் இருந்தனர். எனினும் அவர்கள் நிலைநாட்டிய உரிமை பெரிது: விருந்துக்குச் செலவு செய்வோரே விருந்தை அழைப்பதா இல்லையா என முடிவு செய்தல்வேண்டும்.

இவ்வுரிமையின் பயன் அங்கேயே முடியவில்லை. 1984 விழாவுக்கு முன்வந்த லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வாக்காளர், நகரப் பணம் விழாவில் அழியலாகாதென 1978 இல் விதித்தனர். 1932 விழாவின் பழைய மைதானமே மீண்டும் பயன்பட்டது. விழா முடிவில் 20 கோடி டொலருக்கு மேல் மிஞ்சியது. தனியார் நிர்வாகத்தின் திறமையே இதற்குக் காரணமெனச் சிலர் போற்றுவர். மக்கள் கட்டிய வேலியே நிர்வாகத்தைச் சிக்கனமாக்கிற்று என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

நமது நாடும் இவ்வாசைக்கு விலக்கன்று. 2018 ஆம் ஆண்டின் பொதுநலவாய விளையாட்டு விழாவை அம்பாந்தோட்டைக்கு அழைக்க அரசு முயன்றது. 2011 நவம்பரில் 43க்கு 27 என்ற வாக்குகளால் கோல்ட் கோஸ்ட் வென்றது. விழா கிடைக்காதது தோல்வியாகப் பேசப்பட்டது. அவ்வூரின் கடற்றொழிலாளரும் கமக்காரரும் வாக்கெடுப்பு மூலம் கேட்கப்படவேயில்லை என்பதைத் தோல்வியென எவரும் பேசவில்லை. 2026 ஆம் ஆண்டின் அதே விழாவை ஏற்றிருந்த விக்டோரியா மாநில அரசு, செலவு மிகுந்ததெனக் கூறி 2023 இல் விலகிக்கொண்டதை இங்கு எண்ணிப் பார்ப்பது தகும்.

நாம் விளையாட்டுக்குப் பகைவரல்லர். வெளிநாட்டார் வருகையையும் வெறுப்பவரல்லர். மொன்றியலின் சுரங்க ரயில் 1976 இல் கிழக்கே நீண்டதும் மக்களுக்கு நன்மையே. ஆயினும், ரயில் வேண்டுமாயின் அதனை மக்களுக்காகவே அமைக்கலாம்; பதினாறு நாள் விருந்தினரைக் காட்டியே அதனைப் பெறவேண்டுமென்பது என்ன நியதி? அடுத்த விழாவின் அழைப்பிதழ் நம் முன் நீட்டப்படும்போது ஆசிரியரும் மாணவரும் கேட்கவேண்டிய வினாக்கள் மூன்று: யார் அழைத்தார்? யார் ஈட்டுவார்? யார் கட்டுவார்? மூன்றாவது வினாவுக்கு விடையாகப் போகும் மக்களிடமே முதல் வினாவின் அதிகாரம் இருத்தல்வேண்டும்.