பனைக்குப் பனை கட்டிய கம்பி

தலைமன்னார் இறங்குதுறையிலிருந்து நேர்கோடு போட்டால் திருச்சிராப்பள்ளி ஏறத்தாழ 220 கிலோமீட்டர். கொழும்பு ஏறத்தாழ 240. சொந்த நாட்டுத் தலைநகரைவிடக் கடலுக்கு அப்பால் உள்ள காவிரிக்கரை நகரம் கிட்ட இருக்கிறது. வரைபடத்தில் பார்ப்பவருக்கு இது வியப்பாக இருக்கலாம். மன்னார்த் தீவில் றேடியோ வைத்திருந்த வீடுகளுக்கு இது அன்றாடம் பழகிய கணக்கு. முள்ளை ஒரு பக்கம் திருப்பினால் கொழும்பு, மறுபக்கம் திருப்பினால் திருச்சி.

இன்று அதே தீவின் வீடுகளில் ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் பூட்டிய ஹோம் தியேட்டர் செற்றுகள் ஒலிக்கின்றன. நடுவில் இருக்கும் கறுப்புப் பெட்டிக்குப் பெயர் றிசீவர். பழைய றேடியோப் பெட்டிக்கும் அதே பெயர்தான். தமிழில் அதை வானொலி வாங்கி என்று எழுதினார்கள். ஒலியை வாங்கி வீட்டுக்குள் விடும் பெட்டி. மன்னாரில் இந்தப் பெட்டியின் வரலாற்றைப் பின்தொடர்ந்தால் ஒன்று தெளிவாகத் தெரியும். பெட்டியை வாங்குவது ஒருநாள் வேலை. அதற்கு ஒலியையும் மின்சாரத்தையும் கொண்டுவந்து சேர்ப்பதுதான் ஆண்டுக்கணக்கான பாடு.

இலங்கைத் தந்தி அலுவலகத்தின் தலைமைப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர் 1923இல் சோதனை ஒலிபரப்பைத் தொடங்கினார். முதல் உலகப்போரில் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிப் பாகங்களைக் கொண்டு அவரது அனுப்பி கட்டப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. 1925 டிசம்பர் 16ஆம் தேதி ஆளுநர் ஹியூ கிளிஃபோர்ட் கொழும்பு வானொலியை முறைப்படி தொடக்கி வைத்தார். அக்கரையில் 1938இல் சென்னை நிலையமும் 1939 மே மாதத்தில் திருச்சி நிலையமும் பேச ஆரம்பித்தன. மன்னார் இந்த இரண்டு ஒலிகளுக்கும் நடுவில் இருந்தது.

அந்தக் காலத்துப் பெட்டி வால்வு றேடியோ. மின்சாரம் எட்டாத ஊர்களில் அதற்கு இரண்டு வகைப் பற்றறி வேண்டும்: வால்வின் இழையைச் சூடாக்க ஒரு சிறிய மின்னழுத்தம், வால்வை இயக்க 90 வோல்ற் அளவில் ஒரு பெரிய பற்றறிக் கட்டு. மின்சாரத்தில் ஓடிய பெட்டிகளில் முடுக்கிய பிறகு வால்வு சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். அதன் பிறகே குரல் எழும். பெட்டி மட்டும் போதாது, ஏரியல் கட்ட வேண்டும். வடபகுதிக் கிராமங்களில் அதற்குக் கம்பம் நட வேண்டிய தேவை இருக்கவில்லை. முற்றத்துப் பனையிலிருந்து வேலிக்கரைப் பனைக்குச் செப்புக் கம்பியை இழுத்து, இரு முனையிலும் பீங்கான் குமிழ் கொடுத்து, நடுவிலிருந்து ஒரு கம்பியை யன்னல் வழியாக உள்ளே விட்டார்கள். காற்றில் பனை ஆடும். கம்பியும் கூடவே ஆடும். அப்படி ஒரு வீடு ஊருக்கு ஒன்றோ இரண்டோதான். மாலையில் அதன் திண்ணை நிறைந்துவிடும்.

கம்பிக்கு உதவியாகக் கடலும் இருந்தது. நடுவலை எனப்படும் மத்திய அலை நிலத்தோடு ஒட்டிப் பயணிக்கும். காய்ந்த மணலும் பாறையும் அதன் வலுவை விரைவில் உறிஞ்சிவிடும். உப்புநீர் நல்ல மின்கடத்தி என்பதால் கடலின் மேல் அது வெகுதூரம் தேயாமல் வரும். திருச்சியிலிருந்து புறப்பட்ட அலை தமிழ்நாட்டுக் கரையைத் தாண்டியதும் பாக்கு நீரிணை அதைப் பத்திரமாகக் கொண்டுவந்து இக்கரையில் விட்டது. உள்நாட்டுக் காட்டூர் ஒன்றில் கரகரக்கும் நிலையம் கடலோர ஊர்களில் துல்லியமாகக் கேட்டதற்குக் காரணம் இதுவே.

இரண்டாம் உலகப்போரில் மவுண்ட்பேட்டன் தலைமையிலான தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் தன் படையினருக்காக றேடியோ சீக் என்ற நிலையத்தை இலங்கையில் நிறுவியது. அதன் வலுமிக்க சிற்றலை அனுப்பி போர் முடிந்தபின் அரசுக்கு வந்தது. 1949இல் றேடியோ சிலோன் பிறந்தது. அடுத்த ஆண்டு வர்த்தக சேவை. 1952இல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கு இடம் குறைத்தபோது, இந்தியாவே கொழும்பின் பக்கம் காதைத் திருப்பியது. தமிழ்நாட்டில் எஸ்.பி. மயில்வாகனத்தின் குரலைத் தெரியாத வீடு அரிதானது. பின்னர் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் என்று அந்த வரிசை நீண்டது.

தமிழ்நாட்டு நேயர் பாட்டுக்காக மட்டும் கொழும்பைத் தேடினார். மன்னார் நேயருக்கு இரண்டு கரையும் வேண்டியிருந்தது. திருச்சியில் கர்நாடக இசை, நாடகம், நாடறிந்த வித்துவான்களின் நாதஸ்வரம். கொழும்பில் பொங்கும் பூம்புனல், நீங்கள் கேட்டவை, பிறந்தநாள் வாழ்த்து. இவற்றுக்கெல்லாம் மேலாக மரண அறிவித்தல். பேர், ஊர், பிள்ளைகளின் பேர், மருமக்களின் பேர், அடக்கம் நடக்கும் இடம், நேரம் என்று அறிவிப்பாளர் நிதானமாக வாசிக்கும்போது வடக்கின் வீடுகளில் அடுப்பு வேலை நிற்கும். தந்தி வந்து சேருமுன் செய்தி காற்றில் வந்துவிடும். றேடியோ இல்லாத வீட்டாரின் உறவினர் பேர் காதில் விழுந்தால் ஓடிப்போய்ச் சொல்வது றேடியோ வைத்திருந்தவரின் கடமை. பெட்டிக்கு உரிமையாளர் ஒருவர். அது கொண்டுவந்த துக்கத்துக்கும் சந்தோஷத்துக்கும் ஊரே உரிமையாளர்.

அறுபதுகளில் டிரான்சிஸ்டர் வந்ததும் பெட்டி வீட்டை விட்டு வெளியேறியது. தோணியில், வாடியில், பனங்கூடலில் என்று எங்கும் அதைக் கொண்டுபோக முடிந்தது. பெரிய ஏரியல் தேவையில்லை. உள்ளே ஃபெரைற் தண்டில் சுற்றிய சிறு சுருளே ஏரியல். அந்தத் தண்டுக்கு ஒரு குணம் உண்டு. நிலையம் இருக்கும் திசைக்குக் குறுக்காகப் பிடித்தால் ஒலி உரக்கும். நேராக நீட்டினால் அமுங்கும். பெட்டியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தவருக்குக் கொழும்பு எந்தப் பக்கம், திருச்சி எந்தப் பக்கம் என்பது காதாலேயே விளங்கியது. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்து, பாம்பனிலிருந்து வந்த ஒரு ரயிலையே கடலுக்குள் தள்ளியது. எதிர்க்கரையான மன்னாரும் அதன் அடியை வாங்கியது. காற்று எச்சரிக்கை சொல்லும் பெட்டி கடற்றொழிலாளர் குடும்பங்களில் எவ்வளவு மதிப்புப் பெற்றிருக்கும் என்பதை இந்தக் கரையில் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

1977இல் நாட்டின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. அதுவரை இறக்குமதிக் கட்டுப்பாட்டால் கைக்கெட்டாமல் இருந்த ஜப்பானியச் செற்றுகள் கொழும்புப் புறக்கோட்டைக் கடைகளில் குவிந்தன. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் இரட்டைக் கசற் செற்றோடு திரும்பினார்கள். றேடியோவில் பாட்டு வரும்வரை காத்திருந்த வீடு, விரும்பிய நேரத்தில் விரும்பிய பாட்டைப் போடும் வீடாக மாறியது. தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் நடுவே ராமானுஜம் கப்பல் 1984வரை ஓடியது. அதன் பிறகு கப்பல் நின்றது. ஒலி மட்டும் தடையின்றிக் கடல் கடந்தது.

1990இல் எல்லாம் தலைகீழானது. ஜூனில் அரச படைகளுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே மீண்டும் போர். தலைமன்னார் ரயில் பாதை கைவிடப்பட்டு அழிந்தது. மடுத் திருப்பதி வளாகத்தில் ஐ.நா. அகதிகள் முகமை ஏற்பாடு செய்த நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தங்கினர். அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டி முதலிய தீவின் ஊர்களிலிருந்து குடும்பங்கள் படகேறிக் கற்பிட்டிக் கரைக்கும் புத்தளத்துக்கும் போயின. தலைமுறைகளாகச் சேர்த்த வீட்டுச் சாமான்களில் கையில் கொண்டுபோக முடிந்தது சில பைகள் மட்டும். கசற் செற்றும் றேடியோவும் வீட்டோடு போயின. மன்னாரின் ஒலி வரலாற்றில் அந்த வீடுகளின் மௌனத்துக்கும் இடம் இருக்க வேண்டும்.

தீவு இராணுவத்தின் கையிலும், தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலத்துக்கு அப்பால் அடம்பன், விடத்தல்தீவு, மடு உள்ளிட்ட பெருநிலத்தின் பெரும்பகுதி புலிகளின் கையிலும் இருந்தன. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்கு அரசு பொருளாதாரத் தடை விதித்தது. தடைப்பட்டியலில் இருந்த பொருட்களில் ஒன்று பற்றறி.

றேடியோ இருந்தது, உயிர் கொடுக்கப் பற்றறி இல்லை. முதலில் பழைய பற்றறிகளை வெயிலில் காயவைத்துக் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்தார்கள். அதுவும் தீர்ந்தபோது சைக்கிள் கைகொடுத்தது. வடக்கெங்கும் பரவிய அந்த முறை இப்படி: சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றிப் பின்சில்லைத் தரையிலிருந்து உயர்த்த வேண்டும். லைற்றுக்காகப் பூட்டிய டைனமோவைச் சில்லில் சாய்க்க வேண்டும். அது தருவது 6 வோல்ற், 3 வாற் அளவிலான மாறுதிசை மின்சாரம். றேடியோவுக்கோ நேர்த்திசை மின்சாரம் வேண்டும். அதற்காகப் பழுதான செற்றுகளிலிருந்து கழற்றிய நாலு டயோட்டுகளைச் சதுரமாகப் பற்றவைத்து, அலையைச் சமன்படுத்த ஒரு மின்தேக்கியையும் சேர்ப்பார்கள். பிறகு ஒருவர் குந்தியிருந்து பெடலைக் கையால் சுற்ற வேண்டும். டயரில் டைனமோ உரசும் கர்ர் என்ற சத்தத்துக்கு மேலாகச் செய்தி கேட்கும். சுற்றும் கை சோர்ந்தால் வாசிப்பவரின் குரலும் சோர்ந்து தாழும்; சுற்றியிருப்பவர்கள் அதட்ட, கை வேகமெடுக்க, குரல் மீண்டும் எழும்.

இரவு ஒன்பது மணி தாண்டினால் இலண்டனிலிருந்து பிபிசி தமிழோசை. 1941இலிருந்து ஒலித்துவந்த அந்தச் சேவைக்குப் போர்க்காலத்தில் இங்கு கிடைத்த காதுகள் வேறெங்கும் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். பிலிப்பைன்ஸிலிருந்து வேரித்தாஸ் வானொலி. கத்தோலிக்கர் மிகுந்த மன்னார்க் கரையில் அது செய்தியும் செபமுமாக நுழைந்தது. 1990 நவம்பரில் தொடங்கிய புலிகளின் குரல். கொழும்பின் அரச வானொலி. ஒரே சம்பவத்தை நான்கு வாயால் கேட்டுவிட்டு, எது நடந்திருக்கும் என்று தாங்களே ஒரு முடிவுக்கு வருவார்கள். அதற்கான மின்சாரத்தைத் தங்கள் கையாலேயே உண்டாக்கினார்கள்.

அதே ஆண்டுகளில் அக்கரையில் நடந்ததை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1995இல் வெளிவந்த 'குருதிப்புனல்' டால்பி ஒலியைத் தமிழ்த்திரைக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு டிடிஎஸ் வந்தது. துப்பாக்கி வெடித்தால் ரசிகர் பின்னால் திரும்பிப் பார்க்கும் அளவுக்குத் திரையரங்குகள் ஒலியைச் சுற்றிலும் பரப்பத் தொடங்கிய காலம் அது. 1995இல்தான் இராமேஸ்வரத்தில் 323 மீட்டர் உயரத் தொலைக்காட்சிக் கோபுரம் எழுந்தது. அத்தனை உயரத்திலிருந்து புறப்படும் அலையின் அடிவானம் ஏறத்தாழ 74 கிலோமீட்டர். தலைமன்னார் அதிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர், மன்னார் நகரம் சுமார் 73 கிலோமீட்டர். சென்னையின் படமும் பாட்டும் மன்னாரின் கூரைக்கு மேலே வந்து நின்றன. பெருநிலத்தில் இருந்தவர்களோ கீழே டைனமோ சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

2002இன் தொடக்கத்தில் போர்நிறுத்தத்தோடு தடை தளர்ந்தது. பற்றறி மறுபடியும் கடைக்கு வந்தது. பிறகு மீண்டும் சண்டை, இடப்பெயர்வு, 2009இல் போரின் முடிவு. ரயில் மடு வீதிக்கு 2013இலும் தலைமன்னாருக்கு 2015 மார்ச்சிலும் திரும்பியது. சாலையும் மின்கம்பியும் திரும்பிய வீடுகளுக்குள் தவணைமுறையில் ஹோம் தியேட்டர் நுழைந்தது. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் அனுப்பியதும் உண்டு.

அந்தப் பெட்டிக்கும் அதன் பாடு இருக்கிறது. கனடாவில் வாங்கியது 120 வோல்ற்றுக்குச் செய்தது. இலங்கையில் வருவது 230. மாற்றியை இடையில் வைக்காமல் செருகினால் ஒரு நொடியில் கருகிவிடும். பெட்டி தப்பினாலும் வீட்டின் அமைப்பு அடுத்த சிக்கல். சீமெந்துத் தரை, வெறுஞ்சுவர், ஓட்டுக்கூரை எல்லாமே ஒலியைத் திருப்பி எறிபவை, வசனம் குழம்பும். பாயை விரித்து, யன்னலுக்குத் தடித்த திரை போட்டால் குரல் தெளியும். ஆனால் சோளகம் வீசும் மாதங்களில் யன்னலை மூடிவிட்டு இந்தத் தீவில் யாரும் படம் பார்க்க முடியாது. திறந்து வைத்தால் சப்வூஃபரின் தாழ்ந்த அதிர்வு வேலி தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போகிறது. அங்கிருந்து சிறுவர்கள் வருகிறார்கள். வாசலில் செருப்புகள் கூடுகின்றன.

தீவின் தென்கரையில் 2020இல் தம்பபவனி என்ற பேரில் 30 காற்றாலைகள் சுழலத் தொடங்கின. பனைகளைவிடப் பலமடங்கு உயர்ந்த அவை 100 மெகாவாற்றுக்கு மேல் உண்டாக்கக்கூடியவை. ஆனாலும் 2022 மார்ச்சின் இறுதியில் நாடெங்கும் ஒரு நாளில் 13 மணி நேரம் மின்சாரம் நின்றபோது ஐந்து ஸ்பீக்கரும் வாயடைத்தன.

பெட்டியின் முதுகில் கடற்காற்று தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது. ஸ்பீக்கர் கம்பியின் செப்பு நுனியில் பச்சைக் களிம்பு ஏறும். முதலில் ஒரு பக்க ஸ்பீக்கர் கரகரக்கும், பிறகு விட்டுவிட்டுக் கேட்கும், பிறகு நின்றுவிடும். றிசீவர் பழுதென்று தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. திருகைத் தளர்த்தி, களிம்பு பிடித்த நுனியை ஒரு அங்குலம் நறுக்கி, உறையை உரித்து, மினுங்கும் புதுச் செப்பை முறுக்கிப் பூட்டினால் போதும். பனைக்குப் பனை கட்டிய ஏரியலுக்கும் அந்நாளில் செய்தது இதே பண்டுவம்தான். இன்றும் மழைக்கு முன்னும் பின்னும் யாரோ ஒருவர் பெட்டிக்குப் பின்னால் குனிந்து, வாயில் கம்பியைக் கவ்விக்கொண்டு, வெளிச்சம் பிடிக்கச் சொல்லிப் பிள்ளையைக் கூப்பிடுகிறார்.