ஓய்வூதியம் யாரோடு ஊர் திரும்புகிறது?

புதுச்சேரியில் 'சொல்தா வீடு' என்றால் பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவரின் வீடு. அவருக்குப் பிரான்சிலிருந்து ஓய்வூதியம் வரும். அவர் இறந்த பிறகு மனைவிக்கு ஒரு பங்கு வரும். சேரியில் பிறந்தவர்களின் குடும்பங்கள் சிலவற்றுக்கும் இந்தப் பாதுகாப்பு கிடைத்தது. அது எப்படிக் கிடைத்தது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். வெளிநாட்டில் உழைத்துவிட்டுத் திரும்புகிறவரின் பணம் என்ன ஆகிறது என்ற இன்றைய கேள்விக்கும் அதில் பதில் உண்டு.

1881 செப்டம்பர் 21 அன்று பிரெஞ்சு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. சாதி, மத வழக்கச் சட்டங்களைத் துறப்பதாக எழுதிக் கொடுத்து, ஒரு குடும்பப் பெயரையும் எடுத்துக்கொண்டால், பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் கீழ் வரலாம் என்றது அந்த ஆணை. துறந்தவர்களை 'ரெனோன்சான்' என்றார்கள். தலித்துகளும் கிறித்தவர்களும் கணிசமாகத் துறந்தார்கள். பலர் சைகோனுக்குக் கப்பலேறி ராணுவத்திலும் காவல் பணியிலும் சேர்ந்தார்கள். ஐரோப்பியருக்கு இணையான ஊதியமும் சலுகையும் வேண்டும் என்று அங்கே வாதாடினார்கள். அவர்கள் கையில் இருந்த ஆயுதம் அந்தத் துறப்புப் பத்திரம்தான்.

ஆனால் பத்திரம் மாறினால் பணமும் மாறும். பிரான்சின் முன்னாள் குடியேற்ற நாடுகள் விடுதலை பெற்ற பிறகு, அந்நாட்டுக் குடிமக்களாகிவிட்ட பழைய சிப்பாய்களின் ஓய்வூதியத்தை 1959 டிசம்பர் 26 சட்டத்தில் தொடங்கிப் பல சட்டங்களால் பிரான்சு உறைய வைத்தது. ஒரே படையில், ஒரே போரில் நின்ற பிரெஞ்சுக் குடிமகனின் ஓய்வூதியம் ஏறியது. ஆப்பிரிக்கச் சிப்பாயின் தொகை அப்படியே கிடந்தது. இது சமத்துவத்துக்கு எதிரானது என்று பிரான்சின் அரசமைப்பு மன்றம் தீர்ப்பளித்தது 2010 மே 28 அன்றுதான். அதற்குள் பெரும்பாலோர் இறந்துபோயிருந்தார்கள்.

இலங்கை மலையகத்திலும் இதே கதைதான். அங்குள்ள தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் தலித்துகள். 1964 அக்டோபர் 30 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. சேமலாப நிதி, பணிக்கொடை உட்படச் சொத்துகளைக் கொண்டுபோகலாம் என்றது. கூடவே, ஒரு குடும்பம் கொண்டுபோகும் தொகைக்கான உச்சவரம்பு 4,000 ரூபாய்க்குக் குறையாது என்றும் எழுதியது. தன் சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த பணத்துக்கே உச்சவரம்பு! அதை முடிவு செய்த மேசையில் அந்தத் தொழிலாளர்களுக்கு இடமில்லை.

இன்று நம் தெருக்களிலிருந்து இளைஞர்கள் வளைகுடாவுக்குப் போகிறார்கள். அங்குள்ள அரசு ஓய்வூதியத் திட்டங்கள் அந்நாட்டுக் குடிமக்களுக்கானவை. நம்மவருக்குக் கிடைப்பது வேலை முடிவில் ஒருமுறை தரும் பணிக்கொடை. ஐக்கிய அமீரகத்தில் ஓராண்டு முடியாமல் திரும்பினால் அதுவும் இல்லை. வளைகுடா நாடுகள் எதனோடும் இந்தியாவுக்குச் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் கிடையாது. பிரான்சோடு இருக்கிறது; 2011 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது. நிறுவனம் பாரிசுக்கு அனுப்பும் ஊழியர் 60 மாதம் வரை இரண்டு நாட்டிலும் சந்தா கட்ட வேண்டியதில்லை. அங்கே கட்டியவருக்கு ஓய்வூதியம் இந்தியாவுக்கே வரும். படித்து மேலே வந்த சாதிகளின் பிள்ளைகளுக்கு ஒப்பந்தம் பாதுகாப்புத் தருகிறது. கட்டடத்தில் கம்பி கட்டுகிறவருக்கு அது இல்லை.

உழைப்பு எல்லா இடத்திலும் ஒன்றுதான். திரும்பும்போது பணம் கூட வருமா என்பதைக் குடியுரிமையும் அரசுகள் போடும் கையெழுத்துமே முடிவு செய்திருக்கின்றன. ஓய்வூதியம் கருணைத் தொகை அல்ல, உழைத்துப் பெற்ற உரிமை என்று 1982இல் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த உரிமை எல்லை தாண்டியும் செல்லுபடியாக, வளைகுடா நாடுகளோடு சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். அதுவரை, போகிற ஒவ்வொருவரும் வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்குத் தாள் ஆகியவற்றின் நகலை வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்லுவோம். பணிக்கொடையைக் கேட்டு வழக்காட அவைதான் சான்று.