சரீரத்தினுள் புகுந்த அந்நியப் பொருள்களைக் கண்டறியும் முறைகள்

விழுங்கப்பட்டோ, மூச்சோடு இழுக்கப்பட்டோ, தோலைத் துளைத்தோ மனித சரீரத்தினுள் புகுந்து தங்கிவிடும் ஊசி, நாணயம், துப்பாக்கிக் குண்டு, கண்ணாடித் துண்டு, முள் முதலியவற்றை வைத்திய நூல்கள் அந்நியப் பொருள்கள் என வழங்கும். கத்தி வைக்குமுன்னரே அவற்றின் இருப்பிடத்தைக் காட்டித் தரும் படிம முறைகள் இங்கே கூறப்படுகின்றன.

1881 ஜூலை 2ஆம் நாள் சுடப்பட்ட அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டின் உடலில் தங்கிய குண்டை, வைத்தியர்கள் கழுவாத விரல்களையும் சலாகைகளையும் புண்ணுக்குள் செலுத்தித் துழாவியும் காணாமல், அலெக்சாண்டர் கிரகாம் பெல் உலோகத்தை ஒலியால் உணர்த்தும் மின்கருவி ஒன்றைச் செய்து கொணர்ந்தும் பயனின்றிப் போக, செப்டம்பர் 19ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். வலப்புறத்தில் தேடப்பட்ட குண்டு முதுகெலும்புக்கு இடப்புறம் கிடந்தது பிரேத பரிசோதனையில்தான் தெரிந்தது. குண்டைக் காட்டிலும் அத்தேடலே அவரை வதைத்தது எனலாம். 1895 நவம்பரில் வூர்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜன் எக்ஸ் கிரணங்களைக் கண்டபின், அடுத்த ஆண்டிலேயே பர்மிங்ஹாமில் ஹால்-எட்வர்ட்ஸ் ஒரு பெண்ணின் கையில் புதைந்த ஊசியைப் படம்பிடித்துக் காட்டினார்.

அடர்த்தி மிக்க பொருள் இக்கிரணங்களை அதிகமாகத் தடுப்பதால், உலோகம் படத்தில் வெண்மையாகத் தெளிவுறும். ஈயம் கலந்த கண்ணாடியே தெரியும் என்பது தவறு. மிகச் சிறிய துணுக்கு அல்லாத எக்கண்ணாடியும் பெரும்பாலும் தெரியும். ஒரே படம் ஆழத்தைக் காட்டாதாகையால், நேராக ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றும் எடுப்பது நியமம். குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிய நாணயமும் பொத்தான் வடிவ மின்கலமும் நேர்ப்படத்தில் ஒரேபோல் வட்டமாகத் தோன்றினும், மின்கலத்தின் விளிம்பில் இரட்டை வளையமும், பக்கப் படத்தில் ஒரு படியும் தென்படும். இவ்வேறுபாட்டைக் கவனியாதவர் பெரும் பிழை செய்வர். ஏனெனில் மின்கலத்திலிருந்து பாயும் மின்னோட்டம் ஈரச் சவ்வில் காரத்தை உண்டாக்கி, 2 மணி நேரத்துக்குள்ளேயே அதை வேகச் செய்யத் தொடங்கும்.

மூச்சுக்குழாய்க் கிளையில் அடைத்த நிலக்கடலையோ படத்தில் தெரிவதில்லை. அதன் விளைவே தெரியும்: உட்புகுந்த காற்று வெளியேற இயலாமல், மூச்சு விடும் நேரத்தில் எடுத்த படத்தில் அப்பக்கத்து நுரையீரல் சுருங்காமல் நிற்கும். ஆயினும் படம் இயல்பாயிருப்பதால் பொருள் இல்லையென்று தீர்மானித்தல் ஆகாது. ஐயம் வலுத்தால் குழாய்க்கருவியை உட்செலுத்தி நேரில் காண்பதே முறை.

தோலடியில் தங்கிய மரச்சிராயையும் முள்ளையும் காண மீயொலி சிறந்தது; ஒளிர்ந்த கோடும் அதன் பின்னே நிழலும் தோன்றும். தொண்டையில் தைத்த மீன்முள்ளுக்கு, ஹவுன்ஸ்பீல்ட் ஆக்கி 1971இல் முதன்முதல் நோயாளியிடம் பயன்படுத்தப்பட்ட சி.டி. ஸ்கேன் சாதாரண எக்ஸ்ரேயினும் மேலானது. காந்த அதிர்வுப் படிமமாகிய எம்.ஆர்.ஐ. மட்டும் இரும்புத் துணுக்கு உள்ளிருக்கும் சந்தேகம் உள்ளவர்க்கு ஆபத்தானது. அதன் காந்தப்புலம் துணுக்கை அசைத்துக் கண்ணையே கெடுத்துவிடக்கூடும். ஆதலின், கண்ணில் உலோகத்தூள் பட்டதாகக் கூறும் பட்டறைத் தொழிலாளர்களுக்கு அச்சோதனைக்கு முன் கண்குழியை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது வழக்கம்.