கலம் காக்கும் கண்

வரலாறு என்றால் அரசர்களின் பட்டியலும் போர்களின் ஆண்டுகளுமே என்று மாணவர் பலர் எண்ணிவிடுகின்றனர். கொதிகலனைத் தட்டிப் பார்ப்பதற்கும், குழாயின் கனத்தை அளப்பதற்கும், பற்றவைப்பின் உள்ளே விரிசல் உண்டா என்று தேடுவதற்கும் கூட ஒரு வரலாறு உண்டு. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளிலும் பெட்ரோலிய இரசாயன ஆலைகளிலும் கருவிகளின் உறுதியை ஆய்வது இன்று ஒரு தனித் தொழிலாக விளங்குகிறது. அத்தொழில் எவ்வாறு பிறந்தது, அதற்குப் பயிற்சி ஏன் இன்றியமையாதது என்பவை பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு நெடுங்காலம் பாடம் சொன்னவன் நான். அவர்களுள் சிலர் தொழிற்பயிற்சி பெற்று மணலிக்கும் வளைகுடா நாடுகளுக்கும் ஆலைப் பணிக்குச் சென்றிருக்கின்றனர். ஆகவே இஃது எனக்கு அயலார் கதையன்று.

நம் ஊரிலிருந்தே தொடங்குவோம். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் விடியற்காலை, சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்ற விரைவு வண்டி அரியலூருக்கு அருகே மருதையாற்றில் வீழ்ந்தது. பெருமழையால் ஆறு பெருகிப் பாலத்தருகே இருப்புப்பாதையின் அடித்தாங்கலை அரித்திருந்தது. 140-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நான் பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன் நிகழ்ந்த அத்துயரத்தை எங்கள் வீட்டுப் பெரியோர் சொல்லக் கேட்டே வளர்ந்தேன். இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அச்செயலை இன்றும் பாடநூல்கள் போற்றுகின்றன. ஆயினும் அவ்விபத்து தரும் பாடம் வேறொன்றும் உண்டு. நேற்று உறுதியாய் இருந்தது இன்றும் உறுதியாய் இருக்கும் என்று கொள்ளலாகாது. கேடு பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படாத அடியில்தான் தொடங்குகிறது. பாலத்திற்குப் பொருந்தும் இவ்வுண்மை, கொதிகலனுக்கும் எண்ணெய்க் குழாய்க்கும் அவ்வாறே பொருந்தும்.

நீராவிக் காலத்தில் இதை மக்கள் பெரும் விலை கொடுத்துக் கற்றனர். ஒரு பங்கு நீர் சாதாரண அழுத்தத்தில் ஏறத்தாழ 1,600 பங்கு நீராவியாக விரியும். அந்த ஆற்றலை ஓர் இரும்புக் கலத்துள் அடைத்து வைப்பதே கொதிகலன். கலம் எங்கேனும் பிளந்தால், உள்ளிருக்கும் வெந்நீர் நொடிப்பொழுதில் ஆவியாகிக் கட்டடத்தையே பெயர்த்தெறியும். 1863-இல் கல்கத்தாவில் கொதிகலன் ஒன்று வெடித்துப் பலர் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டே, 1864-இல், வங்காளச் சட்டமன்றம் கொதிகலன்களைச் சோதிப்பதற்கு ஒரு சட்டம் இயற்றியது. பின்னர் மாகாணங்கள் தத்தமக்கெனச் சட்டங்கள் செய்துகொண்டன. அவை ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அக்குறையை நீக்க நாடு முழுமைக்குமான இந்தியக் கொதிகலன் சட்டம் 1923-இல் இயற்றப்பட்டு, 1924 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. நூறாண்டுக்கு மேல் நிலவிய அச்சட்டத்தின் இடத்தில் 2025-இல் புதிய சட்டம் வந்துள்ளது.

சட்டம் மட்டும் போதுமா? 1905-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிராக்டன் நகரில் காலணித் தொழிற்சாலை ஒன்றின் கொதிகலன் வெடித்து 58 பேர் மாண்டனர். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஆணியடிக்கப்பட்ட இணைப்பினுள் விரிசல் மறைந்திருந்தது. உள்ளிருந்து பார்த்தாலும் வெளியிலிருந்து பார்த்தாலும் அது தென்படாது. அந்நிகழ்ச்சியின் விளைவாகவே, கொதிகலனை எவ்வாறு கட்ட வேண்டும் என்பதற்கு அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் விதிநூல் வகுத்தது. கண் மட்டும் போதாது என்ற அறிவும் வளர்ந்தது. இன்று மீயொலி அலையைச் செலுத்தித் தகட்டின் கனத்தை அளக்கின்றனர். எக்ஸ் கதிரால் பற்றவைப்பின் உட்புறத்தைப் படம் எடுக்கின்றனர். காந்தத் துகள்களைத் தூவி மயிரிழை விரிசலையும் காண்கின்றனர்.

எண்ணெய் ஆலைகள் பெருகியபோது இப்பணி மேலும் அரிதாயிற்று. கச்சா எண்ணெயில் உள்ள கந்தகம் மிகுந்த வெப்பத்தில் இரும்பைத் தின்றுகொண்டே இருக்கும். குழாயைச் சுற்றிய வெப்பக் காப்பு உறைக்குள் மழைநீர் புகுந்தால், உறை பளபளப்பாய் இருக்க, உள்ளே துரு வளரும். 1958-இல் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம், பயன்பாட்டில் உள்ள அழுத்தக் கலன்களின் ஆய்வுக்கென 510 என்னும் எண் தாங்கிய விதிநூலை வெளியிட்டது. அந்நூலில் தேர்வெழுதித் தகுதிச் சான்று பெறுவது இன்று உலகெங்கும் ஆய்வாளர்க்கு மதிப்பாக உள்ளது.

அவர்கள் கற்கும் கணக்கு ஒன்றை மாணவர்களாகிய நீங்களே போட்டுப் பார்க்கலாம். புதிதாய் இருந்தபோது 10 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு கலத்தின் சுவர், 4 ஆண்டுகளுக்குப் பின் 9 மில்லிமீட்டராய்க் குறைந்துள்ளது. ஆகவே தேய்வு ஆண்டுக்குக் கால் மில்லிமீட்டர். அழுத்தத்தைத் தாங்கக் குறைந்தது 6 மில்லிமீட்டர் வேண்டும் எனில், மீதமுள்ள 3 மில்லிமீட்டர் தேய 12 ஆண்டுகள் ஆகும். அப்படியாயின் 12 ஆண்டு கழித்துப் பார்த்தால் போதுமா? போதாது. தேய்வு எப்போதும் ஒரே சீராய் நிகழ்வதில்லை. ஆதலால் எஞ்சிய ஆயுளில் பாதிக்குள், அதாவது 6 ஆண்டுக்குள், மீண்டும் அளக்க வேண்டும் என்கிறது விதி. இதில் உள்ளவை கழித்தலும் வகுத்தலுமே. ஆனால் அளவு எடுத்த இடம் தவறானால் கணக்கு முழுவதும் தவறிவிடும். தேய்வு மிகும் இடம் வளைவா, கிளை பிரியும் மூட்டா, நீர் தேங்கும் அடிப்பகுதியா என்று அறிவதற்கே பயிற்சி வேண்டும்.

பயிற்சி பெற்றவர் இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதற்கு இங்கிலாந்தின் பிளிக்ஸ்பரோ ஆலை சான்று. நைலானுக்கு வேண்டிய மூலப்பொருள் செய்த அவ்வாலையில் ஆறு வினைக்கலன்கள் வரிசையாய் நின்றன. 1974-இல் ஐந்தாவது கலத்தில் விரிசல் கண்டனர். அதைக் கண்டது நன்றே. ஆனால் அக்கலத்தை அகற்றிவிட்டு, நான்காவதையும் ஆறாவதையும் ஒரு தற்காலிகக் குழாயால் இணைத்தனர். அக்குழாய்க்கு வரைபடம் என்று இருந்தது, பட்டறைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்த ஒன்றே. தலைமைப் பொறியாளர் பதவி அப்போது காலியாய் இருந்தது. உற்பத்தி நிற்கக் கூடாது என்ற அவசரம் மேலோங்கியது. சூன் 1-ஆம் நாள் அக்குழாய் சிதைந்து, ஆலை வெடித்து 28 பேர் மாண்டனர்.

நம் நாட்டில் மணலி சுத்திகரிப்பு ஆலை 1969-இல் இயங்கத் தொடங்கியது. 1984-இல் போபாலில் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்ட நச்சு வாயுக் கசிவு நாட்டை உலுக்கியது. எண்ணெய்த் தொழிலுக்கென 1986-இல் பாதுகாப்பு இயக்ககம் ஒன்றை மைய அரசு நிறுவியது. கலன்கள், குழாய்கள், சேமிப்புத் தொட்டிகள் ஆகியவற்றை ஆய்வதற்கு அது விதிமுறைகள் வகுத்தது. இத்தனைக்குப் பின்னும் 2020-இல், நமக்கு அண்மையிலுள்ள நெய்வேலி அனல் மின் நிலையத்தில் மே, சூலை என இரு மாதங்களில் கொதிகலன் விபத்துகள் நேர்ந்து தொழிலாளர் பலர் உயிரிழந்தனர். விதி ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது.

ஆய்வாளனுக்கு அறிவோடு வேறொன்றும் வேண்டும், அது சுதந்திரம். நம் நாட்டில் இரயில்வே ஆய்வாளர்கள் 1941-ஆம் ஆண்டிலேயே இரயில்வே வாரியத்தின் கட்டுப்பாட்டிலிருந்து பிரிக்கப்பட்டனர். இன்று அவ்வமைப்பு விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் உள்ளது என்றால் பலர் வியப்பர். வண்டியை ஓட்டுபவரே வண்டிக்கு நற்சான்று தரலாகாது என்பதே இதன் கருத்து. பள்ளி இன்ஸ்பெக்டர் வரும் நாளில் முன்வரிசையில் கெட்டிக்காரப் பிள்ளைகளை அமர்த்துவது எங்கள் ஆசிரிய உலகம் நன்கறிந்த தந்திரம். நல்ல இன்ஸ்பெக்டர் நேரே கடைசிப் பெஞ்சுக்குப் போவார். ஆலை ஆய்வாளரும் வண்ணம் பூசிய முகப்பை விட்டு, ஏணி வைத்து ஏற வேண்டிய மூலைக்குச் செல்ல வேண்டும்.

திருச்சியில் பாரத மிகுமின் நிறுவனத்தின் பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் 1975 முதல் இருக்கிறது. பொருளைச் சிதைக்காமல் சோதிக்கும் கலைக்கான இந்தியச் சங்கத்தின் தலைமையகம் சென்னையிலேயே உள்ளது. கற்பதற்கு வாயில்கள் தொலைவில் இல்லை. இத்தொழிலில் வெற்றி என்பது எதுவும் நிகழாதிருப்பதே. அதற்கு மாலையும் இல்லை, செய்தித்தாளில் இடமும் இல்லை. மாணவர்களே, உங்களுள் யாரேனும் நாளை இப்பணிக்குச் சென்றால், மேலதிகாரி அவசரப்படுத்தினாலும் அளக்காத எண்ணை ஏட்டில் எழுதாதீர்கள். இரவுப் பணி முடிந்து நூற்றுக்கணக்கானோர் நலமாய் வீடு திரும்புவது அந்த ஓர் எண்ணின் உண்மையை நம்பித்தான்.