பத்துப் பிள்ளைகளும் ஒரு வாத்தியாரும்

காக்ஸ் டவுனை ஒட்டிய ஜீவனஹள்ளியில் நான் குடியேறி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அந்தக் காலத்தில் காலை ஒன்பது மணியானால் எங்கள் தெரு வழியே பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக ஒரு தமிழ்ப் பள்ளிக்குப் போவார்கள். பள்ளியின் பெயர் இங்கு வேண்டாம். இன்று அங்கே தமிழ் வகுப்பு கிடையாது. யாரும் தடை போட்டு அதை மூடவில்லை. பிறகு எப்படிப் போயிற்று? விடை தேடினால் நூற்றெழுபது ஆண்டு வரலாற்றைத் தொட வேண்டியிருக்கிறது.

தண்டும் மானியமும்

1809ஆம் ஆண்டு ஆங்கிலேயர் பெங்களூரில் படைமுகாம் அமைத்தபோது அதன் பின்னே வந்து குடியேறியவர்களில் தமிழர் ஏராளம். 1881இல் மைசூர் மன்னரிடம் ஆட்சியைத் திருப்பிக் கொடுத்தபோதும் இந்தத் தண்டுப் பகுதியை மட்டும் ஆங்கிலேயர் தம் கையில் வைத்துக்கொண்டனர். 1947 ஜூலை 26இல்தான் அது மைசூரிடம் திரும்பி வந்தது. இடைப்பட்ட காலத்தில் கொடையாளர்கள் பள்ளி கண்டனர். அட்டாரா கச்சேரியைக் கட்டிய ஒப்பந்தக்காரர் ராய் பகதூர் ஆற்காடு நாராயணசாமி முதலியார் 1873இல் தொடங்கிய பள்ளி அதற்கு நல்ல சான்று.

கொடையால் கட்டடம் எழும். மாதாமாதம் சம்பளம் யார் தருவது? இதற்கு வழி சொன்னது 1854இல் வந்த சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை. தனியார் பள்ளி அரசின் ஆய்வுக்கு உட்பட வேண்டும், சிறிதளவேனும் கட்டணம் வாங்க வேண்டும். அப்படியானால் அரசு மானியம் தரும் என்றது அது. 'நிதி உதவி பெறும் பள்ளி' என்று நாம் இன்றும் சொல்கிறோமே, அதன் வேர் இதுதான். பள்ளியின் உயிர் சுவரில் இல்லை, சம்பளம் வரும் ஆசிரியர் பணியிடத்தில் இருக்கிறது என்பதை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

பத்தும் நாற்பதும்

1949 ஆகஸ்டில் கூடிய மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு ஒரு கணக்குச் சொன்னது. ஒரு மொழி பேசும் பிள்ளைகள் வகுப்பில் பத்துப் பேர், அல்லது பள்ளி முழுவதும் நாற்பது பேர் இருந்தால், அவர்கள் தாய்மொழியில் தொடக்கக் கல்வி தர ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டும். 1956இல் மொழிவழி மாநிலங்கள் பிறந்தபோது அரசமைப்பின் ஏழாவது திருத்தத்தால் 350ஏ பிரிவு சேர்ந்தது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி தர மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது அப்பிரிவு. 'முயல வேண்டும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். முயன்றதாகக் காட்டுவது எளிது.

எங்கள் பள்ளியில் நடந்தது இதுதான். தமிழாசிரியர் ஒருவர் ஓய்வு பெற்றார். போய்க் கேட்டோம். "ஆள் கேட்டு எழுதியிருக்கோம் சார், வந்துடுவாங்க" என்றார்கள். அடுத்த ஆண்டும் அதே பதில். பக்கத்து வகுப்புக் கன்னட ஆசிரியையே, பாவம், இரண்டு வகுப்பையும் பார்த்துக்கொண்டார். எதிர் வீட்டு அம்மா என்னிடம், "வாத்தியாரே இல்லாத இஸ்கூலுக்குப் பிள்ளைய எதுக்கண்ணே அனுப்பணும்?" என்று கேட்டுவிட்டு மகளை வேறு பள்ளிக்கு மாற்றினார். நாலைந்து பேர் அப்படிப் போனதும் எண்ணிக்கை பத்துக்குக் கீழே இறங்கியது. பிறகு, பிள்ளைகள் இல்லை, எனவே பணியிடம் வேண்டாம் என்று முடிந்தது. ஆசிரியர் இல்லாததால் பிள்ளைகள் போனார்கள். பிள்ளைகள் இல்லை என்று ஆசிரியர் இல்லாமல் போனார்.

நீதிமன்றமும் நாமும்

1982 கோகாக் போராட்டத்துக்குப் பின் மொழிக் கொள்கை பலமுறை மாறியது. 1994 ஏப்ரல் 29ஆம் நாள் அரசாணை, நான்காம் வகுப்பு வரை தாய்மொழி அல்லது கன்னடத்தில்தான் கற்பிக்க வேண்டும் என்றது. நம்மில் பலர் இதைக் கன்னடத் திணிப்பு என்று மட்டுமே பார்த்தோம். 'தாய்மொழி' என்ற சொல் நமக்கும் திறந்த கதவு என்பதை எத்தனை பேர் எண்ணினோம்? 2014 மே 6இல் உச்ச நீதிமன்றம், பயிற்று மொழியைப் பெற்றோரே தேர்ந்தெடுக்கலாம், அரசு கட்டாயப்படுத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. கிடைத்த உரிமையைக் கொண்டு நாம் தேர்ந்தெடுத்தது ஆங்கிலத்தை. அதற்கு வெகு முன்பே நான் என் மகனை ஆங்கிலப் பள்ளியில்தான் சேர்த்தேன். அந்தப் பத்தில் ஒன்றைக் குறைத்தவன் நானும்தான். இன்று என் பேத்தி தமிழ் பேசுவாள். நான் எழுதும் இந்தக் கட்டுரையை அவளுக்குப் படிக்கத் தெரியாது.

இது தமிழுக்கு மட்டும் வந்த கேடு அன்று. கன்னட வழி அரசுப் பள்ளிகளிலும் பிள்ளைகள் குறைந்ததால், 2019இல் கர்நாடக அரசே ஆயிரம் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவு தொடங்கியது. நமக்குச் சோறு போடும் கன்னடத்தின் கவலையும் நம் கவலையும் ஒன்றேதான்.

2025 ஆகஸ்டில் சுகதேவ் தோரட் தலைமையிலான கர்நாடக மாநிலக் கல்விக் கொள்கை ஆணையம், ஐந்தாம் வகுப்பு வரை கன்னடம் அல்லது தாய்மொழியில் கற்பிக்கப் பரிந்துரைத்தது. நல்ல சொல். ஆனால் சொல்லுக்குப் பின்னால் பணம் வர வேண்டும். தமிழகத்தைப் பாருங்கள்: பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடாததால் 2024-25க்கான சுமார் 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டது என்று அந்த அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சென்றது. கொள்கைச் சண்டை எங்கு நடந்தாலும் கடைசியில் அது வாத்தியார் சம்பளத்தில் வந்து நிற்கிறது.

நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கர்நாடக எஸ்.எஸ்.எல்.சி.யில் முதல் மொழியாகத் தமிழ் எடுக்க இன்றும் இடம் இருக்கிறது. சேர்க்கை தொடங்குமுன் உங்கள் தெருவில் தமிழ் படிக்க விரும்பும் பிள்ளைகளை எண்ணுங்கள். பெற்றோர் கையெழுத்தோடு ஒரே மனுவாகக் கொடுங்கள். வாத்தியார் ஓய்வு பெறும் நாளை ஓராண்டு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அவர் போன பிறகுதான் போய் நின்றோம்.